சம்மதம் கேட்காத உருமாற்றம்: ஆக்டேவியா பட்லரின் ஸெனோஜெனெசிஸ் நாவல்களை முன்வைத்து

கலப்பு என்றாலே விடுதலை என்கிறது ஒரு தரப்பு. கலந்தால் அழிவு என்கிறது இன்னொரு தரப்பு. கறுப்பின அமெரிக்க எழுத்தாளர் ஆக்டேவியா பட்லரின் (1947–2006) ஸெனோஜெனெசிஸ் வரிசையையும் - 'டான்' (1987), 'அடல்ட்ஹுட் ரைட்ஸ்' (1988), 'இமாகோ' (1989) - இந்த இரண்டில் ஒன்றாக வாசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எனக்கு இரண்டு வாசிப்புமே ஒப்பவில்லை.

அணுயுத்தத்தில் பூமி நாசமாகிறது. எஞ்சியவர்களை ஓவன்காலி என்னும் வேற்றுக்கிரக இனம் தன் உயிருள்ள கப்பலில் உறங்க வைத்துக் காப்பாற்றுகிறது. அவர்களில் ஆண், பெண், ஊலோய் என மூன்று பால். மரபணுக்களைப் படித்து, கலந்து, கருவை உருவாக்குவது ஊலோய். பிற இனங்களோடு மரபணு வியாபாரம் செய்து தங்களையே மாற்றிக்கொண்டு போவதுதான் அவர்கள் வாழ்க்கை. சாராம்சம் என்று எதுவும் கிடையாது, மாற்றமே அடையாளம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் மறுக்கிற மனிதர்களுக்கு நீண்ட ஆயுளும் மலட்டுத்தன்மையும்தான் கிடைக்கின்றன. வேண்டாம்னு சொல்ல வழியில்லாத இடத்தில் நடப்பதற்குப் பேர் வியாபாரமா?

முதல் நாவலின் மையம் லிலித் என்னும் கறுப்பினப் பெண். அவள் உறங்கும்போதே அவளைக் கேட்காமல் அவள் உடம்பிலிருந்து புற்றுநோயை அகற்றுகிறார்கள். அந்த நோயின் மரபுக்கூறு அவர்களுக்குப் பெரிய சொத்து. வெட்டுப்பட்ட உறுப்பை மீண்டும் வளர்க்க உதவுகிறது. 1951இல் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்ச் செல்கள் அவரைக் கேட்காமலே ஆய்வுக்கு எடுக்கப்பட்டதை இந்தப் பக்கங்களின் அருகில் வைத்து வாசிக்க வேண்டும். நாவலின் இறுதியில் நிகாஞ்ச் என்ற ஊலோய், லிலித்தைக் கேட்காமலே அவளைக் கருவுறச் செய்கிறது. அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியாது, ஆனாலும் அவள் தயார் என்பது அதன் நியாயம். அவள் உடலை அவளைவிட அதற்கு நன்றாகத் தெரியுமாம்!

மனிதர்கள் அறிவுள்ளவர்கள், கூடவே படிநிலை மோகம் பிடித்தவர்கள்; இந்த முரண்பாடு மரபணுவிலேயே இருக்கிறது, ஆகவே விட்டால் மறுபடி அழிந்துபோவார்கள் - இது ஓவன்காலிகளின் தீர்ப்பு. சாராம்சம் இல்லாதவர்கள் பிறருக்குச் சாராம்சம் கற்பிக்கிறார்கள். தங்களுக்குள் ஒருமித்துப் பேசி முடிவெடுக்கிறவர்கள், மனிதர்கள் மேல் படிநிலையை நிறுவுகிறார்கள். இரண்டாம் நாவலில் லிலித்தின் கலப்பின மகன் அகீன் செவ்வாயில் மனிதர்களுக்கென்று ஒரு குடியிருப்பு கேட்டு வாதாடிப் பெறுகிறான். தீர்ப்பு தவறு என்று அவன் நிரூபிக்கவில்லை. தோற்றுப்போவதென்றாலும் தம் வழியில் வாழும் உரிமை அவர்களுக்கு உண்டு என்பதுதான் அவன் வாதம். இந்த வரிசையின் ஆகப் பெரிய அரசியல் தருணம் இதுவே.

மூன்றாம் நாவலில் கதைசொல்லலே மாறுகிறது. முதல் இரண்டும் படர்க்கையில் நகர, 'இமாகோ' தன்மையில் பேசுகிறது. பேசுவது ஜோடாஸ், முதல் கலப்பின ஊலோய். ஊலோயைக் குறிக்கத் தமிழில் 'அது' என்றால் அஃறிணையாகிவிடுகிறது. 'நான்' என்ற சொல்லுக்கோ திணையும் இல்லை, பாலும் இல்லை. அந்த 'நான்' வாஞ்சையோடு பேசுகிறது, நோய் தீர்க்கிறது, துணை கிடைக்காமல் தன் உடன்பிறப்பு உருக்குலைவதைக் கண்டு துடிக்கிறது. படிக்கிற நாமும் அதன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம். ஆனால் அதன் அருகில் வரும் மனிதர்கள் அதன் மணத்துக்கும் தொடுகைக்கும் மயங்கியே இணங்குகிறார்கள். அதே வேலையை அந்தக் குரல் வாசகர்மேல் செய்கிறது. முதல் நாவலில் யாருடைய மனத்துக்குள் இருந்தோமோ அந்த லிலித் இப்போது ஓரத்தில் நிற்கும் தாய். அவள் கசப்பு நமக்குக் கேட்பதில்லை.

பட்லர் எதையும் தீர்த்துவைப்பதில்லை. பழைய மனித அடையாளம் புனிதமானதும் அல்ல. லிலித்தின் துணைவன் ஜோசப்பைக் கொன்றவர்கள் மனிதர்கள்தான். உருமாற்றம் தேவை. அதை யார் தீர்மானிப்பது, மறுக்கிறவரை என்ன செய்வது என்பதே கேள்வி. சமூகத்தை மாற்றப் புறப்பட்ட நமக்கும், மக்களுக்கு எது நல்லதுன்னு அவங்களவிட நமக்குத் தெரியும் என்ற எண்ணம் வரும். அப்போது நம்மில் பேசுவது ஊலோய்தான். அதன் குரல் எவ்வளவு இனிமையானது என்பதை அறியவாவது இந்த மூன்று நாவல்களையும் வரிசையாகப் படிக்க வேண்டும்.