கரடி மேயும் நெடுஞ்சாலை

காட்டுக் கரடியைப் பார்க்க வேண்டுமானால் காட்டுக்குள் போக வேண்டாம். ரோட்டிலேயே போனால் போதும். சத்தியமாகக் கரடி விடவில்லை. கனடாவின் டாசன் கிரீக்கில் தொடங்கி அலாஸ்காவின் டெல்டா ஜங்ஷனில் முடியும் அலாஸ்கா நெடுஞ்சாலை ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் நீளம். அதில் வடக்கே ஏறி, காசியார் நெடுஞ்சாலை வழியாகத் தெற்கே இறங்கி, ஒரு கோடை முழுவதையும் கரடிகளுக்கே எழுதிவைத்துவிட்டு வந்திருக்கிறேன். வந்ததிலிருந்து கையில் அகப்படுகிறவர்களை எல்லாம் உட்காரவைத்துக் கரடிக் கதைதான். வீட்டில் இதற்குத் தடையுத்தரவே வந்துவிட்டது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

வேன் என் மனைவியின் தம்பியுடையது. எட்மண்டன்காரர். "அத்தான், சில இடத்துல ரெண்டு மூணு மணி நேரம் ஓட்டினாலும் பெட்ரோல் பங்க் கிடையாது, போன் சிக்னலும் கிடையாது. சம்மதம்னா சொல்லுங்க, கிளம்பலாம்" என்றார். கிளம்பிவிட்டோம். அந்த ரோட்டில் போகிறவர்கள் ஒரு தடித்த புத்தகத்தை வண்டியின் முன்பக்கம் வைத்திருப்பார்கள்: ‘தி மைல்போஸ்ட்’. 1949-லிருந்து வருகிறது. எந்த மைலில் பாலம், எந்த மைலில் பெட்ரோல், எங்கே வண்டியை ஓரம் கட்டலாம் என்று மைல் மைலாகச் சொல்லும். கைபேசி ஊமையாகிவிட்ட பிறகு அந்தப் புத்தகம் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அருமை.

ரோடு பிறந்த கதையும் சாதாரணமானதல்ல. 1941 டிசம்பரில் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கியதும், அலாஸ்காவுக்குத் தரைவழி வேண்டும் என்று அமெரிக்கா பதறியது. 1942 மார்ச்சில் வேலை ஆரம்பம், அக்டோபரில் இரு முனைகளும் இணைந்துவிட்டன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட படைவீரர்கள் சேற்றிலும் கொசுக்கடியிலும் புல்டோசரோடு மல்லுக்கட்டி வெட்டிய சாலை. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினப் பொறியியல் படையினர். அவர்கள் பெயர் வரலாற்றில் ஏற வெகுகாலம் ஆயிற்று. 1948-ல்தான் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

போருக்காக வெட்டிய இந்த ரோட்டைக் கரடி ஏன் பிடித்துக்கொண்டது? காரணம் வெயில்தான். இருபுறமும் ஸ்ப்ரூஸ் மரக்காடு அடர்ந்து கிடக்கிறது. உள்ளே வெளிச்சம் இறங்காது. ரோட்டோரத்தில் மட்டும் மரங்களை அகலமாக வெட்டிவைத்திருக்கிறார்கள். அங்கே சூரியன் நேராக விழும், பனி முதலில் உருகும், முதல் பச்சையும் அங்கேதான் தலைகாட்டும். மே கடைசியிலிருந்து ஜூன் முழுவதும் க்ளோவர், இளம்புல், எல்லாவற்றுக்கும் மேலாக டான்டெலியன் என்கிற மஞ்சள் பூ. மாதக்கணக்கில் ஒரு கவளம்கூட உண்ணாமல், ஒரு சொட்டு நீர்கூடக் குடிக்காமல் குகையில் கிடந்து வெளியே வந்த பிராணிக்கு அதுதான் பந்தி.

ஃபோர்ட் நெல்சனைத் தாண்டி, மலை ஏறத் தொடங்கிய சிறிது நேரத்தில் முதல் கருங்கரடி. பின்னால் வண்டி எதுவும் வராததை உறுதிசெய்துகொண்டு ஓரம் கட்டினோம், எஞ்சினை அணைத்தோம், கண்ணாடியை நாலு விரல் அளவு இறக்கினோம். பதினைந்து மீட்டர் இருக்கும். தலையைக்கூடத் தூக்கவில்லை அது. கீழுதட்டை நீட்டிப் பூவின் தலையை மட்டும் கவ்வி, ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். ‘சடக்’. அடுத்த பூ. மறுபடி ‘சடக்’. புல் அறுபடும் சத்தம் வேனுக்குள் தெளிவாகக் கேட்டது. பழுப்பு மூக்கில் மஞ்சள் இதழ்கள் ஒட்டியிருந்தன. காதோரம் கொசுக்கூட்டம் மொய்த்தது. அது பாட்டுக்குப் பூவாகத் தின்றுகொண்டே, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக நகர்ந்துகொண்டிருந்தது. கரடி என்றால் கர்ஜனை, நகம், ரத்தம் என்று சினிமா கற்றுக்கொடுத்ததெல்லாம் அந்தப் பூந்தோட்டத்தில் உதிர்ந்துவிட்டது. அன்று மாலைக்குள் எண்ணுவதையே நிறுத்திவிட்டோம். வடக்கே ஜூனில் இரவு பத்து மணிக்கும் நல்ல வெளிச்சம். அந்த நீண்ட அந்திதான் கரடிகள் ரோட்டுக்கு வர மிகவும் விரும்பும் பொழுது.

வழியில் வரும் லியர்டு வெந்நீர் ஊற்றுப் பூங்காவைப் பற்றி இரண்டு வார்த்தை. சதுப்பின் மேல் மரப்பலகைப் பாதையில் நடந்துபோனால், காட்டுக்கு நடுவே ஆவி பறக்கும் குளம். அந்தப் பக்கம் ரோட்டிலே காட்டெருமை மந்தை படுத்திருக்கும். அவை எழுந்தால்தான் நாம் போகலாம். ஆனால் மயங்கிவிடக் கூடாது. 1997-ல் இதே பூங்காவில் ஒரு கருங்கரடி இருவரைக் கொன்றிருக்கிறது. பூத் தின்கிறதே என்று அதைச் சாது என எண்ணிவிடாதீர்கள்.

கனடாவின் யூகான் பிரதேசத்துக்குள் நுழைந்ததும் கதாநாயகர் மாறுகிறார். கிரிஸ்லி கரடி. நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். கருங்கரடியிலும் பழுப்பு உண்டு, கிரிஸ்லியிலும் கறுப்புக்கு நெருங்கியது உண்டு. தோளைப் பாருங்கள். கிரிஸ்லிக்கு அங்கே ஒரு திமில் புடைத்து நிற்கும். அது கொழுப்பு அல்ல, தோண்டுவதற்கான தசை. முகம் நடுவில் குழிந்திருக்கும், முன்னங்கால் நகங்கள் மனித விரல் நீளத்துக்கு வெளிறித் தெரியும். க்ளுவானி ஏரிப் பக்கம் ஒரு சரிவில் ஒன்று கிழங்கு தோண்டியதைப் பைனாகுலரில் பார்த்தோம். புல்தரையைச் சுருட்டி எடுத்து அப்பால் எறிகிறது! கல்லெல்லாம் சரிவில் உருண்டது. இத்தனைக்கும் அதற்கு அவசரமே இல்லை.

ஜூலை பிற்பாதியில் அதே பகுதியில் சோப்பெர்ரி பழுக்கும். செக்கச்செவேலென்று மிளகை விடச் சற்றுப் பெரிய பழம். ஒரு கிரிஸ்லி ஒரே நாளில் இரண்டு லட்சம் பழம் வரை தின்னும் என்கிறார்கள். நானும் ஒன்றை வாயில் போட்டுப் பார்த்தேன். கசப்பும் துவர்ப்பும் சோப்பு நாற்றமும்! அடுத்த பத்து நிமிடம் துப்பிக்கொண்டே இருந்தேன். கரடிகளின் ரசனையை நான் குறைசொல்லும் ஒரே இடம் இதுதான்.

வண்டியை விட்டு இறங்கி நடக்கிற இடங்களில் கரடி ஸ்ப்ரே இல்லாமல் ஓர் அடிகூட எடுத்துவைக்கக் கூடாது. டப்பாவுக்குள் என்ன தெரியுமா? நம் மிளகாய்க் காரம்தான். கேப்சைசின். ஏழெட்டு மீட்டர் தூரத்துக்குச் சிவப்பு மேகமாகப் பீறிடும். பைக்குள் போட்டுக்கொண்டால் பிரயோஜனமில்லை, இடுப்பில் கைக்கு எட்டும்படி தொங்க வேண்டும். விமானத்தில் அனுமதி கிடையாது, அங்கேயே வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் ஸ்ப்ரேயை விட நல்ல காவல், வாய். கரடி மனிதனை விரும்புவதில்லை, பெரும்பாலும் திடுக்கிட்டால்தான் வம்பு. எனவே மச்சினரும் நானும் டி.எம்.எஸ். பாட்டாகப் பாடிக்கொண்டு, வளைவு வந்தால் கரடியாய்க் கத்திக்கொண்டு நடந்தோம். சுற்றுலாப் பயணிகள் சிலர் பையில் கிணுகிணுவென்று சின்ன மணி கட்டிக்கொள்கிறார்கள். அது கரடிக்குக் கேட்கிறதோ இல்லையோ, பின்னால் நடக்கிற நமக்குத் தலைவலி நிச்சயம்.

இனி தெற்கே. யூகான் எல்லையிலிருந்து 700 கிலோமீட்டருக்கும் மேலே நீளும் காசியார் சாலை, ஆகஸ்ட் மாதம். மெசியாடின் சந்திப்பில் மேற்கே திரும்பினால் பனியாறு ஒன்று ரோட்டோரம் நீலமாகத் தொங்கும். ஸ்டூவர்ட் ஊரைக் கடந்தால் அலாஸ்காவின் ஹைடர். இந்தக் குட்டி ஊருக்குள் நுழைய அமெரிக்கச் சோதனைச் சாவடி கிடையாது! திரும்பும்போது கனடாக்காரர்கள் கேள்வி கேட்பார்கள். (சாவடி இல்லை என்பதால் சட்டம் இல்லை என்று ஆகாது, விசா, பாஸ்போர்ட் எல்லாம் சரியாக இருக்கட்டும்.) ஊரைத் தாண்டிச் சில கிலோமீட்டரில் ஃபிஷ் கிரீக். அமெரிக்க வனத்துறை ஓடையோரமாக உயரமான மரநடைமேடை போட்டிருக்கிறது. தண்ணீரைத் தவிர எதையும் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். ஒரு மிட்டாய்கூடக் கூடாது.

அழுகிய மீன் நாற்றம் முதலில் வரவேற்கும். கவலைப்படாதீர்கள், ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். கீழே கணுக்கால் ஆழத் தண்ணீரில் சம் சால்மன்களும் பிங்க் சால்மன்களும் முதுகு வெளியே தெரிய முண்டியடிக்கின்றன. முட்டையிட்டதும் செத்துப்போகப் போகிறவை. அங்கே வந்தாள் ஒரு தாய்க் கிரிஸ்லி, பின்னால் இரண்டு குட்டிகளோடு. நேராக எங்கள் கால்களுக்குக் கீழே! ஒரே பாய்ச்சல், முன்னங்காலால் மீனைக் கூழாங்கல்லோடு அழுத்தினாள், வயிற்றைக் கீறினாள். ஆரஞ்சு நிற முட்டைகள் கொட்டின. முதலில் அதை நக்கினாள், பிறகு தோலை ஒரே இழுப்பில் உரித்து விழுங்கினாள், மூளையைக் கடித்தாள். சதையை அப்படியே போட்டுவிட்டு அடுத்த மீனுக்குப் போய்விட்டாள். கொழுப்பு எங்கே அதிகமோ அதை மட்டும் எடுத்துக்கொள்கிற கணக்கு. மிச்சம் குட்டிகளுக்கும் கடற்புறாக்களுக்கும். காட்டுக்குள் இழுத்துப்போய்த் தின்றதில் எஞ்சியது மரங்களுக்கு. கடலிலிருந்து வந்த நைட்ரஜனை ஓடைக்கரை மரங்களுக்குள் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

பெண் கரடிக்கு இந்தக் கொழுப்புக் கணக்கு ஏன் இத்தனை முக்கியம் என்பது இன்னும் வியப்பு. கரடிகள் கூடுவது கோடையின் தொடக்கத்தில். ஆனால் கரு உடனே வளராது, கருப்பைக்குள் சும்மா மிதந்துகொண்டிருக்கும். இலையுதிர்காலத்தில் தாய் போதிய அளவு கொழுத்திருந்தால்தான் நவம்பர் வாக்கில் ஒட்டிக்கொண்டு வளரும். இல்லையென்றால் அந்த வருஷம் குட்டி கிடையாது. ஜனவரி, பிப்ரவரியில் குகை இருட்டில் பிறக்கும் குட்டி அரைக் கிலோகூட இருக்காது. எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, குட்டி முதன்முதலாகத் தானே ஒரு மீனைப் பிடித்தபோது என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கும் பேச்சு வரவில்லை.

இந்த இரு சாலைகளும் ஓடும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2017 டிசம்பரில் கிரிஸ்லி வேட்டையைத் தடைசெய்தது. அப்போது அங்கே சுமார் 15,000 கிரிஸ்லிகள் வாழ்வதாக மதிப்பிட்டிருந்தார்கள். இப்போது அவற்றின் பெரிய எதிரிகளில் ஒருவர், ஜன்னல் வழியாக பிஸ்கட் எறியும் நம்மைப் போன்ற பயணிதான். மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடி ஊருக்குள் வரும், வந்தால் சுட்டுவிடுவார்கள்.

தனி விமானத்தில் பறந்துபோய் விலையுயர்ந்த விடுதியில் தங்கிக் கரடி பார்ப்பவர்கள் பார்க்கட்டும். நீங்கள் அந்தப் பணத்தைப் பெட்ரோலில் போடுங்கள். பூவுக்கு ஜூன், மீனுக்கு ஆகஸ்ட். டேங்க் பாதியாகும் முன் நிரப்புங்கள், சாப்பாட்டையும் பற்பசையையும் இரவில் வண்டிக்குள் பூட்டுங்கள், ரோட்டோரக் கரடிக்காகக் கதவைத் திறக்காதீர்கள், கண்ணாடியை நாலு விரலுக்கு மேல் இறக்காதீர்கள்.