விரலுக்குத் தெரிந்த காசு

இலங்கை மத்திய வங்கி 2011இல் வெளியிட்ட தாள்காசுகளை நான் மதிப்பதற்குக் காரணம் அவற்றின் நிறமோ, பின்பக்கத்து நடனக்காரரோ அல்ல, நீளம். எல்லாத் தாளுக்கும் அகலம் ஒன்றுதான், 67 மில்லிமீற்றர். நீளம் மட்டும் பெறுமதியோடு ஐந்தைந்து மில்லிமீற்றராகக் கூடிக்கொண்டு போகும்: இருபது ரூபாத் தாள் 128, ஐயாயிரம் 153. இரண்டு தாள்களை விளிம்பு பொருத்திப் பிடித்தால், மிச்சம் நிற்கும் துண்டே எது பெரிதென்று சொல்லிவிடும். பார்வையற்றவருக்கு எவ்வளவு பெரிய உதவி அது!

ஓரத்தில் தடவிப் பார்க்கப் புள்ளிகளும் உண்டு. இருபதுக்கு ஒன்று, ஐயாயிரத்துக்கு ஆறு. ஆனால் மை மேலெழும்ப அச்சடித்த புள்ளிகள் தேயும். சுன்னாகம் சந்தையில் மரக்கறிக்காரரின் ஈரக்கையிலும் மீன்காரரின் மடியிலும் புரண்டு வந்த நூறு ரூபாவில் எதைத் தடவுவது? அங்கே நீளம்தான் காப்பாற்றும். ஐந்து மில்லிமீற்றர் ஒரு நெல்மணியளவுகூட இல்லை. பழகிய விரலுக்கு அது போதும். ஒற்றைத் தாள் என்றால்தான் சிரமம். ஒப்பிட இன்னொன்று வேண்டும். அதனால் ஆயிரத்தை ஒருவிதமாகவும் ஐந்நூறை வேறுவிதமாகவும் மடித்து வைப்பவர்கள் உண்டு.

அதே சுன்னாகத்தில்தான் பார்வையற்ற பிள்ளைகளுக்கான வாழ்வகம் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு மிச்சக்காசு கொடுக்கிறவர்கள், "இது ஐந்நூறு, இது நூறு, தம்பி" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கையில் வைக்கவேண்டும். மூலை கிழிந்த தாளைப் பிள்ளைகளிடம் தள்ளிவிடுவது அநியாயம். நீளக் கணக்கே பிழைத்துவிடும்.