தழும்பில்லாத தோல்

சோஃபா வாங்கலாம்னு ரெண்டு மாசமா கேட்டலாக் படிச்சுக்கிட்டிருக்கேன். எல்லாத்திலயும் ரெண்டு வார்த்தை தவறாம வருது: 'பொறுப்பான கொள்முதல்', 'கைவினை நேர்த்தி'. ரெண்டும் ஜோடியா வர்றதுதான் எனக்கு இடிக்கிறது.

முதலில் நேர்த்தி. மாடு முள்வேலியில் உரசும், உண்ணி கடிக்கும், பண்ணைக்காரர் சூடு போடுவார். எல்லாமே தோலில் தழும்பாக நிற்கும். மேற்பரப்பைத் தேய்க்காமல் அப்படியே விட்டால் அது ஃபுல் கிரெயின். தழும்பு குறைந்த தோல்தான் அதற்குத் தாங்கும், அதனால்தான் அந்த விலை. மற்றதை உப்புத்தாள் சுற்றிய உருளையில் தேய்த்து, நிறமிப் பூச்சு அடித்து, அதன்மேல் ரோமக்கண் மாதிரியே ஒரு அச்சையும் பதிப்பார்கள். இது கரெக்டட் கிரெயின். கடையில் "ஒரு கீறல் இல்ல பாருங்க சார்"னு காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். தப்பில்லை. குழந்தைகள் காபி கொட்டுற வீட்டுக்கு இதுதான் சரி. ஆனால் தோலின் சுயமுகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு, போலி ரோமக்கண்ணை அச்சடித்து, அதைக் கைவினைன்னு சொல்றது அபத்தம்.

அடுத்து 'பொறுப்பு'. லெதர் வொர்க்கிங் குரூப் தருகிற தங்கம், வெள்ளி, வெண்கலம் எல்லாம் டேனரிக்கான மதிப்பீடு. தண்ணீர், மின்சாரம், ரசாயனம், கழிவு இதெல்லாம் பார்க்கிறார்கள். அவசியமானதுதான். ராணிப்பேட்டையில் 2015 ஜனவரியில் டேனரிக் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, சேற்றில் மூழ்கி 10 பேர் செத்தார்கள்.

ஆனால் மாடு எங்கே மேய்ந்தது? தோல் இறைச்சிக்கூடத்திலிருந்து வருகிறது, மாடு அதற்கு முன் இரண்டு மூன்று பண்ணை மாறியிருக்கலாம். எர்த்சைட் அமைப்பு 2020ல் வெளியிட்ட அறிக்கை இந்த இடத்தில்தான் கைவைத்தது. பராகுவேயின் சாக்கோ காட்டில், அயொரேயோ பழங்குடியினரின் நிலத்தில் சட்டவிரோதமாகக் காட்டை அழித்துப் பண்ணை போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து கிளம்பும் தோல் பசுபியோ என்ற இத்தாலிய டேனரி வழியாக ஐரோப்பியக் கார் சீட்டுகளுக்குப் போகிறது என்றது அறிக்கை. வெளியுலகத் தொடர்பே இல்லாத அயொரேயோ மக்கள் இன்னும் அந்தக் காட்டுக்குள் இருக்கிறார்கள்.

சூட்டுத் தழும்பு என்பது பண்ணையின் கையெழுத்து. அதை வைத்து மட்டும் பண்ணையைக் கண்டுபிடிக்க முடியாதுதான். இருந்தாலும் அதையும் தேய்த்துவிட்டு சான்றிதழ் ஒட்டுவது, லாக் ஃபைலை அழிச்சுட்டு ஆடிட் ரிப்போர்ட் நீட்டுற மாதிரி இருக்கு.

போன வாரம் ஒரு கடையில் மாடு எந்த ஊருதுன்னு கேட்டேன். "இத்தாலியன் லெதர் சார்"னார். இத்தாலி, பதனிட்ட ஊர். நான் கேட்டது மேய்ந்த ஊர். மறுபடி கேட்டதும் துணி சோஃபா பக்கம் கூட்டிட்டுப் போயிட்டார்.