பற்றுச்சீட்டும் பத்துச்சீட்டும்: மலையகப் புனைகதையில் எழுதப்படாத வாடகை அறை

வட்டகொடை ரயில் நிலைய மேடையிலிருந்து எத்தனையோ மாணவர்களைக் கொழும்புக்கு வழியனுப்பி வைத்திருக்கிறேன். நமது மலையகச் சிறுகதைகளும் அநேகமாக அந்த மேடையிலேயே நின்றுவிடுகின்றன. ரயில் புறப்படுகிறது, தாய் முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள், கதை முடிகிறது. அல்லது சில வருடங்களின் பின் பையன் நோயாளியாகவோ பிணமாகவோ திரும்புகிறான். இடைப்பட்ட காலத்தில் அவன் எங்கே படுத்தான், யார் வீட்டுக் கதவைத் தட்டி அறை கேட்டான், எவ்வளவு முற்பணம் கொடுத்தான் என்பன எழுதப்படுவதில்லை. நான் வாசித்த அளவில், நமது புனைகதையில் உள்ள பெரியதோர் இடைவெளி இதுவாகும்.

மலையக எழுத்துக்கு வீடு புதிய பொருளல்ல. எமது ஊரை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த ஸி.வி. வேலுப்பிள்ளை தமது நாவலுக்கு இட்ட பெயரே ‘வீடற்றவன்’. 1947 தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவர் அவர். மறு வருடமே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாடற்றவன், வீடற்றவன் என்ற இரு சொற்களும் தோட்டத்தில் ஒன்றுக்கொன்று அயல் வீடுகள்தாம்.

லயக் காம்பராவுக்கு வாடகை கிடையாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஓர் இஸ்தோப்பு. அது தொழிலுக்காகத் தரப்படுவது. குடும்பத்தில் ஒருவருடைய பெயராவது செக்றோலில் இருக்கும்வரைதான் அந்தக் கூரை. தோட்டத்தில் ‘பத்துச்சீட்டு’ என்றால் வேலையை விட்டு நீக்கும் கடிதம். அது கைக்கு வந்தால் வேலையோடு வீடும் போகும். வாடகை இல்லாத வீடு என்று நாம் சலுகையாகச் சொல்வது உண்மையில் ஒரு கட்டு. ஸி.வி. தமது நாவலுக்கு அந்தப் பெயரை இட்டதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

எனது வாப்பா கடைத்தெருவில் வாடகைக் கடையொன்று நடத்தியவர். மாதத்தின் முதலாந் திகதி பணம் கட்டிப் பற்றுச்சீட்டு வாங்கி, சுவரிலிருந்த ஆணியில் குத்தி வைப்பார். ‘இது இருக்கும்வரை எவனும் நம்மை எழுப்ப முடியாது’ என்பார். என்னோடு படித்த லயத்துப் பிள்ளைகளின் வீடுகளில் அப்படியோர் ஆணியை நான் கண்டதில்லை. ஒரே சொல் கடைத்தெருவில் இருக்கும் உரிமையாகவும், ஒரு மைல் தள்ளித் தோட்டத்தில் வெளியேற்றமாகவும் இருந்தது. இந்த ஒரு சொல்லிலேயே ஒரு நாவல் கிடக்கிறது.

என்னிடம் படித்த ஒருவன் அண்மையில் கொழும்பில் ஓர் அலுவலக வேலைக்குப் போனான். அறை தேடிய கதையைத் தொலைபேசியில் சொன்னான். மூன்று வீடுகளில் முதற்கேள்வி, ‘எந்த ஊர்?’ அடுத்த கேள்வி, ‘டவுனா, தோட்டமா?’ அதன் பிறகு அறை ஏற்கெனவே கொடுபட்டுவிட்டதாம். நான்காவது வீடு நமது சமூகத்தவருடையது. தோட்டமா என்று அவர்கள் கேட்கவில்லை. ‘எங்கட ஆக்களுக்கு மட்டுந்தான் குடுக்கிற மகன், கோவிக்க வாணாம்’ என்று சொல்லிக் கதவை மெதுவாகச் சாத்தியிருக்கிறார்கள்.

‘மரியாதையாத்தான் சொன்னாங்க சேர்’ என்றான். அந்த மரியாதை என்னை இன்னும் உறுத்துகிறது.

ஏனெனில், கதவு சாத்தப்படுவதன் பொருள் நமக்குத் தெரியாததல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வீட்டையும் திறப்பையும் விட்டுவிட்டுப் புத்தளம் வந்தார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதைத் தடுத்தது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின், நீர்கொழும்பில் வாடகை வீடுகளில் இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் வெளியேற்றப்பட்டு, பொலிஸ் நிலையத்திலும் தொழுகைத் தலத்திலும் தங்க நேர்ந்தது. முதலாவதைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம், எழுத வேண்டியதுதான். ஆனால் சாத்தப்பட்ட கதவின் வெளியே நின்ற அனுபவத்தை எழுதும் பேனா, கதவின் உள்ளே நின்று தாழ்ப்பாளைப் பிடித்திருக்கும் நமது கையையும் எழுத வேண்டாமா?

நமது கதைகளில் இரு வசதியான வழிகள் உள்ளன. ஒன்று, நகரத்தைப் பாவக்கிடங்காகக் காட்டுவது. மற்றது, லயத்தை அன்பின் கூடாகப் பாடுவது. இரண்டுமே அந்த இளைஞனுக்குச் செய்யும் அநீதி என்பது எனது அபிப்பிராயம். அவனது வாடகை அறை காம்பராவை விடச் சிறியது. மலசலகூடத்துக்கு விடியற்காலையில் வரிசை. வாடகை கொடுத்தபின் வீட்டுக்கு அனுப்ப மிஞ்சுவது கொஞ்சம். ஆயினும் வேலை போன அன்றே அறை போகாது. வீட்டுக்காரர் முதலாளியல்ல, முதலாளி வீட்டுக்காரரல்ல. இந்தச் சிறு இடைவெளிக்குள் ஒரு மனிதன் முதன்முறையாக நிமிர்ந்து நிற்பதை எந்தக் கதையில் வாசித்தோம்? அதேவேளை, மாதக் கடைசியில் அதே மனிதன் வீட்டுக்காரரைக் கண்டு சந்து மாறிப் போவதையும் எழுத வேண்டும். விமர்சகன் கேட்பது புகழ்பாடலை அல்ல, கணக்கை.

கண்டியிலே பிறந்த சித்திலெப்பை 1885இல் வெளியிட்ட ‘அஸன்பே சரித்திரம்’ இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படுகிறது. பிறந்த வீட்டிலிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளை அந்நிய நகரங்களில் வளரும் கதை அது. அந்த மரபில் வந்த நாம் வாடகை அறைக்குள் நுழையத் தயங்க வேண்டியதில்லை.

ஐந்தாவது இடத்தில் அந்த மாணவனுக்கு ஓர் அறை கிடைத்தது. அவனது பாட்டன், தகப்பன் இருவரதும் பெயர்கள் செக்றோலில் எழுதப்பட்டவை. போன மாதம் அவன் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். வாடகைப் பற்றுச்சீட்டு, அதில் அவனுடைய முழுப் பெயர். கீழே, ‘சேர், இத எங்க வச்சிருக்கணும்?’ என்று கேட்டிருந்தான்.

சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னேன். ஆணி அடிக்க வீட்டுக்காரர் அனுமதிக்க மாட்டார் என்று பதில் வந்தது. கதை அங்கிருந்து தொடங்கட்டும்.