எப்பவும் பாஸ் ஆகிற டெஸ்ட்

கலிஃபோர்னியாவில் வாடகைக்கு இருக்கும் நண்பர் ஒரு வழிகாட்டிக் கட்டுரையை அனுப்பி, "இதை நம்பலாமா?" என்று கேட்டார். நாய் கூடாது என்கிற குடியிருப்பிலும், மனநலக் குறைபாடு உள்ளவர் நிபுணரின் கடிதத்தைக் காட்டி, உணர்வுத் துணை விலங்காக நாயை வைத்துக்கொள்ளக் கேட்கலாம். அமெரிக்க வீட்டுவசதிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

கட்டுரை விவரிக்கும் மதிப்பீடு இவ்வளவுதான்: படிவம், பத்து நிமிடப் பேச்சு, கடிதம். நிபுணர் மறுக்கவும் கூடும் என்று ஒரு வரிகூட இல்லை. சாஃப்ட்வேர்காரன் பாஷையில் சொன்னால், எப்பவும் பாஸ் ஆகிற டெஸ்ட் டெஸ்டே கிடையாது.

நோயின் பெயர் மட்டும் போதாது. தூக்கம், வேலை, வெளியே போவது என அன்றாடத்தை அது எவ்வளவு முடக்குகிறது, நாய் இருப்பதால் என்ன குறைகிறது என்று துருவிக் கேட்கணும். 2022 ஜனவரி 1 முதல், கலிஃபோர்னியாவின் ஏபி 468 சட்டப்படி, நாய்க்கான கடிதத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே நிபுணரோடு சிகிச்சை உறவு தொடங்கியிருக்கணும். கட்டுரையில் இது இல்லவே இல்லை.

எதிர்வாதமும் உண்டு. சிகிச்சை தருபவரே சான்றும் தருவது இரண்டு வேலைகளுக்குள் முரண் என்று யங்கிரன், பாய்ஸ்வெர்ட், போனெஸ் மூவரும் 2016-ல் எழுதினார்கள். நியாயமான கவலை. ஆனால் முன்பின் தெரியாதவர் பத்து நிமிடத்தில் தருவதை நடுநிலை என்று சொல்ல முடியாது. அந்தக் கடிதங்கள் பெருகினால் வீட்டுக்காரர்கள் சந்தேகப்படுவது நிஜமாகவே தவிக்கிறவரைத்தான்.

நண்பரிடம் சொன்னேன்: "இப்ப பாக்குற தெரபிஸ்ட் கிட்டயே கேளுங்க. வேண்டாம்னா, ஏன்னும் கேளுங்க."