எடுக்கப்படாத முள்: ‘கருக்கு’ ஒரு சாட்சியாக

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது வாசலில் ஒரு தட்டு இருக்கும். அதில் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். வாக்குத்தத்த அட்டை. அந்த வருஷத்துக்கு ஆண்டவர் நமக்கென்று கொடுக்கிற வசனம் அதில் அச்சடிக்கப்பட்டிருக்கும். தண்டையார்பேட்டையில் நாங்கள் இருந்தது ஆறு குடித்தனங்கள் உள்ள வீடு. அதில் நான்கு கிறிஸ்தவக் குடும்பங்கள். ஜனவரி 1 காலையில் குழாயடியில் யாருக்கு என்ன வசனம் என்பதுதான் பேச்சு. பெருகப் பண்ணுவேன், உயர்த்துவேன் என்கிற மாதிரி வசனம் வந்தவர்கள் முகத்தில் ஏற்கெனவே சொந்த வீடு கட்டிவிட்ட களை தெரியும்.

ஒரு வருஷம் அம்மாவுக்கு கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்திலிருந்து வந்தது. பலவீனத்தில்தான் தன் பலம் பூரணமாக விளங்கும் என்று கடவுள் பவுலுக்குச் சொல்லும் இடம். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “ஐயோ ஆன்ட்டி, இந்த வருஷமும் பலவீனம்தானா?” என்றார். அம்மா சிரித்துவிட்டு அட்டையைச் சாமான் அலமாரிக் கண்ணாடியில் செருகி வைத்தார்.

அதே வருஷம், எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, நடந்த ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையைத் தொடங்க முடியாது. எங்கள் சபை திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், வெல்டிங் பட்டறைக்கு மேல் மாடியில் இருந்தது. கன்டெய்னர் லாரிகளின் ஹாரனுக்கு மேலே கேட்கவேண்டும் என்பதால் எல்லாமே மைக்கில்தான். பாட்டுக்கும் பிரசங்கத்துக்கும் நடுவில் சாட்சி நேரம். எழுந்து நின்று, கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சொல்வார்கள். அதற்கு ஓர் அமைப்பு உண்டு. வியாதி இருந்தது, கடன் இருந்தது, வேலை இல்லை, ஜெபித்தேன், கிடைத்தது. அன்றைக்கு அம்மா எழுந்து மைக்கை வாங்கினார்.

“ரெண்டு வருஷமா முழங்கால்ல நிக்கிறேன். அவரு இன்னும் குடிக்கிறாரு. சம்பளம் வீட்டுக்கு வர்றதில்ல. ஆனா நான் தெனம் எழுந்து வேலைக்குப் போறேன். புள்ளைங்க படிக்குதுங்க. அவ்ளோதான்.”

யாரும் எதுவும் சொல்லவில்லை. பாஸ்டர் மைக்கைத் திரும்ப வாங்கி, “சிஸ்டர் சீக்கிரத்துல ஒரு நல்ல சாட்சியோட வந்து நிப்பாங்க. அல்லேலூயா சொல்லலாமா?” என்றார். எல்லாரும் சொன்னார்கள். அம்மா உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் சாட்சி சொல்லி நான் பார்த்ததில்லை.

*

பாமாவின் ‘கருக்கு’ என் கைக்கு வந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. வடசென்னையிலிருந்து ஓ.எம்.ஆர். அலுவலகத்துக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில், போக ஒன்றரை மணி நேரம், வர இரண்டு மணி நேரம், இரண்டே நாளில் படித்தேன். 1992இல் வந்த புத்தகம். தமிழில் தலித் பெண் ஒருவர் எழுதிய முதல் தன்வரலாறு என்று அறிமுகமாகும் புத்தகம். 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்து, கிராஸ்வேர்ட் விருதும் கிடைத்தது. பாடத்திட்டங்களில் இருக்கிறது. அதைப்பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் சாதி, பாலினம், மொழி என்ற மூன்று வாசல்கள் வழியாகத்தான் உள்ளே போகின்றன. மூன்றும் சரியான வாசல்கள். எனக்கு அது முதலில் ஒரு சாட்சியாகத்தான் கேட்டது. மாடிச் சபையில் மைக்கில் சொல்கிற சாட்சி. அதுவும் ‘நல்ல சாட்சி’ இல்லை.

சாட்சியின் அமைப்பை வைத்துக்கொண்டு ‘கருக்கு’வைப் பாருங்கள். கிராமத்து கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். சிறு வயதில் பூசை, ஞானோபதேசம், பேய் பிசாசு பயம். படிக்கிறாள், ஆசிரியை ஆகிறாள். பிறகு ஏழைத் தலித் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று மடத்தில் சேர்ந்து கன்னியாஸ்திரி ஆகிறாள். இந்த இடத்தில் நிறுத்தினால் எந்தச் சபையிலும் கைதட்டு வாங்கும் கதை. ஆனால் கதை அங்கே திரும்புகிறது. மடத்தின் பள்ளிகளில் படிப்பது வசதியானவர்களின் பிள்ளைகள். பயிற்சிக் காலத்திலேயே, சில துறவற சபைகளில் தலித் பெண்களைச் சேர்ப்பதில்லை என்று ஒரு சகோதரி சொல்லக் கேட்கிறாள். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள் ஏழ்மை தெரியாமல் வாழ்கிறார்கள். ஏழு வருஷத்தில் வெளியே வந்துவிடுகிறாள். கையில் வேலை இல்லை, பணம் இல்லை, தனியாக நிற்கும் பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்ற பயம் வேறு. புத்தகம் ஏறக்குறைய அந்த நிலையில்தான் முடிகிறது. ஜெபித்தேன், கிடைத்தது என்ற கடைசிப் பகுதி இல்லை.

*

அம்மாவின் அட்டையில் இருந்த வசனம் எதற்குப் பதிலாக வருகிறது என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். பவுலின் உடம்பில் ஒரு முள். அது என்ன நோய், என்ன தொல்லை என்று அவர் சொல்லவில்லை. அதை எடுத்துவிடச் சொல்லி மூன்று தடவை கேட்கிறார். என் தொழில் பாஷையில் சொன்னால், மூன்று முறை டிக்கெட் போடுகிறார். சரிசெய்யப் போவதில்லை என்று பதில் வந்து டிக்கெட் மூடப்படுகிறது. என் கிருபை உனக்குப் போதும் என்பது அந்தப் பதிலின் சாரம். அதாவது, முள் எடுக்கப்படவில்லை. பலவீனத்தில் கடவுளின் வல்லமை என்று நாம் அட்டையிலும் காலண்டரிலும் அச்சடித்துக் கொடுப்பது, கேட்டது கிடைக்காத ஒரு மனிதனுக்குச் சொல்லப்பட்ட சொல். எங்கள் சபையின் சாட்சி அமைப்பில் பவுலே எழுந்து இதைச் சொல்லியிருந்தால், “பிரதர் சீக்கிரத்துல நல்ல சாட்சியோட வருவார்” என்றுதான் மைக்கை வாங்கியிருப்பார்கள்.

கருக்கு என்பது பனைமட்டையின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற ரம்பப் பல். விறகு பொறுக்கும்போது கையைக் கிழிப்பது. பாமா தன் முன்னுரையில் அந்தக் கீறல்களோடு, கடவுளின் வார்த்தையை இருபுறமும் கூரான வாளுக்கு ஒப்பிடும் எபிரெயர் நிருபத்தையும் சேர்த்து நினைவுகூர்கிறார். தன்னைக் கிழித்ததும், தான் கையில் எடுக்கப்போவதும் ஒரே பொருள் என்று தலைப்பிலேயே சொல்லிவிடுகிறார். பவுலின் முள் பவுலுக்குள் மட்டும் குத்துகிறது. பாமாவின் கருக்கு இரண்டு பக்கமும் அறுக்கும். இந்த வித்தியாசம் முக்கியம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் பவுலின் முள்ளை யார் வைத்தது என்பதில் இறையியல் சர்ச்சைக்கு இடமுண்டு. பாமாவுக்கு அந்தக் குழப்பம் இல்லை. பாட்டிக்கு உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றியது யார், பெரியவர் ஒருவரைப் பலகாரப் பொட்டலத்தைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டு எடுத்துவரச் செய்தது யார் என்று அவருக்குத் தெரியும்.

இதனால்தான் ‘கருக்கு’வின் கடைசி அத்தியாயங்களில் வரும் கோபத்தை நான் விசுவாசத்தின் பகுதியாகவே வாசிக்கிறேன். கடவுள் அன்பானவர், பொறுமையானவர், தாழ்மையானவர் என்று தங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தவர்கள், அவர் நீதியானவர், அநியாயத்தைக் கண்டு கோபப்படுகிறவர் என்பதை ஏன் அழுத்திச் சொல்லவில்லை என்று அவர் கேட்கிறார். ஏற்கெனவே குனிந்து நிற்கிறவனிடம் போய்த் தாழ்மையைப் போதிப்பதில் என்ன இருக்கிறது? பலவீனம் பற்றிய வசனத்தை யார், யாரிடம் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்து அதன் அர்த்தமே மாறிவிடுகிறது. பவுல் அதைத் தன்னைப்பற்றிச் சொன்னார். வசதியான மடம் அதைச் சேரிக்குச் சொன்னால் அது வேறு வாக்கியம். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில், பலமுள்ளவர்களை வெட்கப்படுத்துவதற்காக உலகத்தின் பலவீனர்களைக் கடவுள் தேர்ந்தெடுத்தார் என்கிறார் பவுல். அந்த ‘வெட்கப்படுத்துவதற்காக’ என்ற பகுதி வாக்குத்தத்த அட்டையில் வந்து நான் பார்த்ததில்லை.

*

மொழியிலும் இதே விஷயம் இருக்கிறது. ஜான் பன்யன் பாத்திரங்களுக்கு ஈயம் பற்றவைக்கும் தொழில் செய்தவர். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பெட்ஃபோர்ட் சிறையில் பன்னிரண்டு வருஷம் இருந்தார். 1678இல் வெளிவந்த அவருடைய ‘மோட்சப் பிரயாணம்’ எளிய ஆட்களின் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதைத் தழுவி 1894இல் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியத்தைச் செய்தார். ‘கிறித்தவக் கம்பர்’ என்ற பெயருக்கு அவர் தகுதியானவர்தான். அந்த விருத்தங்களின் ஓசை அப்படி. ஆனால் இந்த மாற்றத்தில் ஈயம் பூசுகிறவனின் குரல் காணாமல் போய்விட்டது. பலவீனமான ஒரு வழிப்போக்கனின் கதை, தமிழுக்கு வரும்போது புலவர் சபையில் ஏற்றுக்கொள்ளப்படும் உடையைப் போட்டுக்கொண்டு வந்தது.

சுமார் நூறு வருஷம் கழித்து பாமா இதைத் தலைகீழாகச் செய்தார். மதுரைக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்துச் சேரிகளில் பேசுகிற பேச்சை அப்படியே கதைசொல்லியின் மொழியாக வைத்தார். உரையாடலில் மட்டும் வட்டார வழக்கு, விவரிப்பில் நல்ல தமிழ் என்ற சமரசம் இல்லை. கடவுளைப்பற்றி யோசிக்கும் பக்கங்கள்கூட அந்தப் பேச்சில்தான் இருக்கின்றன. இறையியலுக்கென்று தனியாக ஒரு மேல்மொழி தேவையில்லை என்பதைத் தமிழ்க் கிறித்தவ எழுத்தில் இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறு புத்தகத்தை நான் படித்ததில்லை. புதிய ஏற்பாடே அன்றைய சந்தையில் புழங்கிய கிரேக்கத்தில் எழுதப்பட்டதுதானே.

குறையையும் சொல்லவேண்டும். ஊரைப்பற்றிய அத்தியாயங்களில் மனிதர்கள் இருக்கிறார்கள். சுடுகாட்டுத் தகராறில் போலீசுக்குப் பயந்து ஆண்கள் காட்டில் ஒளிந்திருக்க, இறந்துபோன மகனைப் பார்க்கத் தகப்பனுக்குச் சேலை கட்டி அழைத்துவரும் இடத்தைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். மடத்து அத்தியாயங்களில் அப்படி ஒரு முகம் இல்லை. சகோதரிகள் ஒரே கூட்டமாக வருகிறார்கள். நிகழ்ச்சி குறைந்து வாதம் கூடுகிறது. சொன்னதே திரும்ப வருகிறது. அங்கே புத்தகம் பலவீனமாக இருக்கிறது. காயம் ஆறுவதற்கு முன் எழுதியது என்பது காரணமாக இருக்கலாம். காரணம் தெரிந்ததால் குறை இல்லாமல் போய்விடாது.

*

இதுவரை எழுதியதை முடித்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்டையார்பேட்டைக்குப் போய் அம்மாவுக்குக் ‘கருக்கு’விலிருந்து சில பகுதிகளைப் படித்துக் காட்டினேன். அப்பா 2009இல் இறந்தார். கடைசிவரை குடியை விடவில்லை. அம்மா எட்டாவது வரை படித்தவர். எக்ஸ்போர்ட் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் செக்கிங் வேலை பார்த்தவர். பலகாரப் பொட்டலத்தை நூலில் தூக்கிக்கொண்டு வரும் இடத்தில், சிறுமி பாமாவைப் போலவே அவரும் முதலில் சிரித்தார். காரணம் தெரிந்ததும் சிரிப்பு நின்றது. மடத்தை விட்டு வெளியே வரும் இடத்தில், “வெளிய வந்து எங்க போச்சு அந்தப் பொண்ணு? சோத்துக்கு என்ன பண்ணுச்சு?” என்று கேட்டார்.

பிறகு நான் அந்தச் சாட்சி நாளை எடுத்தேன். பாஸ்டர் மைக்கை வாங்கியது, எல்லாரும் அல்லேலூயா சொன்னது, என் கோபம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீ எதுக்குடா அதுக்குப் போய்க் கோவப்படற? எனக்கு அன்னிக்கு ஒண்ணும் தப்பாத் தெரியல. அம்மாம் பேரும் எனக்காக அல்லேலூயா சொன்னாங்க. தெம்பாத்தான் இருந்துச்சு.”

“அப்புறம் ஏம்மா நீ சாட்சியே சொல்லல?”

“சொல்றதுக்குப் புதுசா என்ன இருந்துச்சு? அதே சாட்சிதான்.”

இருபது வருஷமாக அம்மாவின் சார்பில் ஒரு வருத்தத்தைச் சுமந்து, அதன்மேல் ஒரு புத்தகத்தின் வாசிப்பையே கட்டியிருக்கிறேன். அந்த வருத்தம் அவருடையது இல்லை. பாஸ்டர் செய்ததை நானும் செய்திருக்கிறேன்: அவர் முடிக்காமல் விட்ட வாக்கியத்தை நான் முடித்துவைத்தேன். அவர் ‘வெற்றி’ என்று முடித்தார், நான் ‘அநீதி’ என்று முடித்தேன். ‘கருக்கு’வுக்கும் இதையே செய்கிறோமோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. விருது வாங்கிய புத்தகம், எழுத்தின் மூலம் மீண்ட பெண் என்று பின்னட்டையில் அதை நல்ல சாட்சியாக்கிவிடுகிறோம். உள்ளே அந்தப் பெண் இன்னும் வேலையில்லாமல், கடவுளை விடாமல், மடத்துக்குத் திரும்பாமல் நின்றுகொண்டிருக்கிறாள். அவளிடம் இருக்கும் பலம் எங்கிருந்து வருகிறது என்று புத்தகம் விளக்கவில்லை. தினமும் எழுந்து வேலைக்குப் போனதை அம்மாவும் விளக்கவில்லை. வாதத்தில் எனக்கு இன்னும் பிடிமானம் இருக்கிறது. மடத்தைப்பற்றி பாமா கேட்பவை அப்படியே நிற்கின்றன. ஆனால் அந்தப் பலத்துக்கு நான் பெயர் வைக்கவேண்டாம் என்று தோன்றுகிறது.

கிளம்பும்போது புத்தகத்தைப் பையில் வைக்கப் போனேன்.

“அத வெச்சுட்டுப் போ. மீதிய நானே படிச்சுக்கறேன்” என்றார் அம்மா.