வாயசைப்பும் வாய்ப்பாட்டும்

வித்வான்கள் நடித்த தமிழ்ப் படங்களுக்கு இரண்டு தரப்பிலும் மரியாதை கிடையாது. சங்கீதக்காரர்களைக் கேட்டால், பணத்துக்காகப் போனார்கள், நல்லவேளை திரும்பி வந்துவிட்டார்கள் என்கிறார்கள். சினிமாவைத் தீவிரமாகப் பார்க்கிறவர்களோ அவையெல்லாம் படங்களே அல்ல, நாடகக் கொட்டகையில் காமிராவை நிறுத்திவைத்த காரியம் என்கிறார்கள். இரண்டும் பெரும்பாலும் உண்மைதான். முசிரி சுப்ரமணிய அய்யர் துக்காராம் ஆனதும் (1938), ஜி.என். பாலசுப்ரமணியம் ‘சகுந்தலை’யில் துஷ்யந்தன் ஆனதும் (1940) அவர்களுடைய நடிப்பாற்றலை யாரோ கண்டுகொண்டதால் அல்ல. அன்று பாடத் தெரிந்தவர்தான் நடிக்க முடியும். பாட்டுக்காக அழைத்தார்கள், உடம்பும் கூடவே வந்தது.

கூடவே வந்த அந்த உடம்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தப் படங்களை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதற்கு வேறு காரணம் இல்லை. பாட்டு மட்டும் வேண்டுமென்றால் இசைத்தட்டு போதும். ஆனால் மூச்சை எங்கே வாங்குகிறார், மேல் ஸ்தாயிக்குப் போகுமுன் கழுத்து எப்படித் தயாராகிறது, கை தன்னை மறந்து எப்போது தாளம் போடத் தொடங்குகிறது என்பவற்றை இசைத்தட்டு சொல்லாது. பாட்டு ஒரு மனிதனின் உழைப்பு என்ற எளிய செய்தி இந்தப் படங்களில், எடுத்தவர்கள் உத்தேசிக்காமலேயே, பதிவாகியிருக்கிறது.

இது எப்படி நம் சினிமாவிலிருந்து போயிற்று என்பதற்கு எங்கள் பக்கத்துக்கும் சம்பந்தம் உண்டு. காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த ‘நந்தகுமார்’ (1938) படத்தில் ஒரு நடிகைக்கு லலிதா வெங்கட்ராமன் பாட்டில் குரல் கொடுத்தார். தமிழில் பின்னணிக் குரலின் தொடக்கமாக இதைத்தான் சொல்கிறார்கள். அதே படத்தில்தான் சிறுவன் டி.ஆர். மகாலிங்கம் கிருஷ்ணனாக அறிமுகமானார், சொந்தக் குரலோடு. 1945ல் ‘ஸ்ரீவள்ளி’யில் ருக்மிணி பாடியிருந்த பாட்டுகளை எடுத்துவிட்டு பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார் மெய்யப்பன். யுத்த காலத்தில் அவருடைய ஸ்டூடியோ காரைக்குடிக்கே வந்தது. அன்றைக்கு அது ராமநாதபுரம் ஜில்லா; 1985ல்தான் ஜில்லா மூன்றாயிற்று. அங்கே எடுத்த ‘நாம் இருவர்’ (1947) படத்தில் டி.கே. பட்டம்மாள் பாரதி பாட்டுகளைப் பாடினார், குமாரி கமலா ஆடினார். ஆடுகிறவளைப் பார்த்தோம், பாடுகிறவரைப் பார்க்கவில்லை. பத்து வருஷத்துக்குள் காரியம் முடிந்துவிட்டது.

முடிந்தது தொழில்நுட்ப மாற்றம் மட்டுமல்ல, நம் கண்ணும் மாறிவிட்டது. இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. டி.எம். சௌந்தரராஜன் ‘பட்டினத்தார்’ (1962), ‘அருணகிரிநாதர்’ (1964) இரண்டிலும் தானே நடித்துத் தானே பாடினார். பார்க்கும்போது எனக்கு ஒரு விபரீதம் தோன்றியது. அந்தக் குரல் அவருடையதாகவே படவில்லை. சிவாஜியின் முகத்திலும் எம்.ஜி.ஆரின் முகத்திலும் அதைக் கேட்டுப் பழகிய எனக்கு, உரியவர் முகத்தில் அது இரவலாகத் தெரிந்தது. சொந்தக்காரன் தன் வீட்டு வாசலில் அந்நியனாக நிற்கும்படி ஆகிவிட்டது. குறை சௌந்தரராஜனுடையது அல்ல, என்னுடையது.

வெளியே ஓர் உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பீட்டில்ஸ் குழுவினர் நடித்த படங்களில் அவர்களுக்கு வேறு யாராவது பாடியிருந்தால் அது படமாகவே இராது. 1968ல் வந்த அவர்களுடைய கார்ட்டூன் படமான ‘யெல்லோ சப்மரீ’னில் பேச்சுக் குரலை வேறு நடிகர்கள் கொடுத்தார்கள், பாட்டுக் குரல் மட்டும் அவர்களுடையது. பேச்சை இரவல் வாங்கலாம், பாட்டை வாங்க முடியாது என்பது அங்கே கணக்கு. நம் கணக்கு நேர் எதிர். 1969 ஜனவரியில் அவர்கள் பயிற்சி செய்ததை மணிக்கணக்காகப் படம் பிடித்தார்கள். அதிலிருந்து பீட்டர் ஜாக்சன் 2021ல் ஏறக்குறைய எட்டு மணி நேரப் படம் ஒன்றைத் தொகுத்தார். ராமேஸ்வரத்தில் என் அறையில் நான்கு இரவுகள் கைபேசியில் அதைப் பார்த்தேன். மக்கார்ட்னி தந்தியை அடித்துக்கொண்டே வாய்க்கு வந்ததை முனகுகிறார். சில நிமிஷங்களில் அது பாட்டாகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஹாரிசன் கொட்டாவி விடுகிறார். மகத்துவம் என்று ஒன்றும் நிகழ்வதாகத் தெரியவில்லை. வேலை நடக்கிறது, அவ்வளவுதான். நம் வித்வான்கள் ஒருவரைப் பற்றியாவது இப்படி எட்டு நிமிஷம் நம்மிடம் இருக்கிறதா என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் பழைய படங்களை ஒழுங்காகப் பார்க்க உட்கார்ந்தேன்.

எனக்குப் பிடித்தவற்றைச் சொல்கிறேன். முதலில் ‘தியாகபூமி’ (1939). கே. சுப்ரமணியம் எடுத்தது, 1940ல் பிரிட்டிஷ் அரசு தடை செய்தது. பாபநாசம் சிவன் சம்பு சாஸ்திரியாக வருகிறார். அவருக்கு நடிக்கத் தெரியவில்லை என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். ஆனால் பாடிக்கொண்டு நடக்கும்போது அந்த மெலிந்த உடம்பு என்ன செய்யவேண்டும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை பாடிப் போனவர் அவர். அந்த நடை எந்த டைரக்டரும் சொல்லிக்கொடுத்தது அல்ல.

‘மீரா’வை (1945) எல்லோரும் முதலில் வைப்பார்கள். நான் கொஞ்சம் தயங்குகிறேன். எல்லிஸ் ஆர். டங்கனும் ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியும் எம்.எஸ். சுப்புலக்ஷ்மியின் மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்யவைத்து, அதன்மேல் விளக்குகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பரிசோதித்த பிறகே அவரைப் படம் பிடித்தார்கள். பலன் தெரிகிறது. நம் சினிமாவில் அத்தனை அழகாக ஒளியூட்டிய முகங்கள் குறைவு. ஆனால் சிலையில் கண்ட ஒளி சிலைக்குரிய குணத்தையும் கொண்டுவந்துவிட்டது. பாடுவதில் சிரமம் என்று ஒன்று இருப்பதே தெரியாத முகம் அது. நாம் பிற்பாடு எம்.எஸ்.ஸைப் பற்றிப் பேசிய தெய்வீகப் பேச்சுக்கெல்லாம் வித்து இங்கே விழுந்ததோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஹிந்தி ‘மீரா’வுக்கு (1947) அப்புறம் அவர் நடிக்கவில்லை.

இதற்கு மறு கோடி ‘ஔவையார்’ (1953). கே.பி. சுந்தராம்பாள் ஒலிபெருக்கி இல்லாத நாடக மேடையில், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடிப் பழகியவர். அந்தத் தொண்டைக்கு மார்பு முழுவதும் வேண்டும். காமிரா இருக்கிறதே என்று வாயைச் சுருக்குவதில்லை, முகம் கோணுமே என்ற கவலை இல்லை. அழகாகத் தெரியவேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு பெண் வேஷம் தமிழ் சினிமாவில் அவருக்கு வாய்த்தது நம் அதிர்ஷ்டம். அவர் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933ல் இருபத்தேழு வயதில் போய்விட்டார். தமிழ்ப் பேசும் படம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தும் அவர் எதிலும் நடிக்கவில்லை. குரல் இருக்கிறது, எந்த உடம்பிலிருந்து வந்தது என்பது இல்லை.

‘நந்தனார்’ (1942), தண்டபாணி தேசிகர் நடித்த ஜெமினி படம், எனக்கு எல்லாவற்றிலும் மேலானது. காரணம் சங்கீதம் மட்டும் அல்ல. தேவாரம் பாடும் மரபில் வந்த தேசிகர், கோயிலுக்குள் போகமுடியாத நந்தனாக வெளியே நின்று பாடுகிறார். நந்தன் கதையை யோசித்துப் பாருங்கள். பாட்டு உள்ளே வரக்கூடாது என்று அதில் யாரும் சொல்வதில்லை. உடம்புதான் உள்ளே வரக்கூடாது. அந்த உடம்பை நெருப்பில் இட்ட பிறகே கதவு திறக்கிறது. இந்த முடிவை ஒப்புக்கொள்ளும் கதையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. படமும் அதைக் கேள்வி கேட்கவில்லை. ஆனால் தேசிகர் பாடும்போது புடைக்கும் கழுத்தும் வேர்வையும் கதையை மறுத்துக்கொண்டே இருக்கின்றன. பாட்டு வேறு, உடம்பு வேறு என்று அங்கே பிரிக்க முடியவில்லை. பாட்டை முன்னதாகப் பதிவு செய்துவிட்டுப் பிறகு வாயசைத்திருந்தாலும் இது பொய்யாகாது. அசையும் தொண்டை அந்தப் பாட்டைப் பாடிய தொண்டை.

கடைசியாக ‘திருவிளையாடல்’ (1965). இதில் பாட்டுப் போட்டி இருக்கிறது, போட்டிக்குள் எவரும் உத்தேசிக்காத ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கர்வம் பிடித்த ஹேமநாத பாகவதராக வரும் டி.எஸ். பாலையாவுக்குக் குரல் பாலமுரளிகிருஷ்ணா. விறகுவெட்டியாக வந்து அவரை வெல்லும் இறைவன் சிவாஜி, குரல் சௌந்தரராஜன். தந்திரக் காட்சியில் பல வாத்தியங்களையும் ஒரே சமயத்தில் வாசிக்கும் இறைவன் பாடுவது இரவல் குரலில். தன்னால் பாட முடியாது என்று கோயிலில் போய் அழும் பாணபத்திரர் ஒருவர்தான் தன் தொண்டையால் பாடுகிறவர். அவர் ‘நந்தகுமா’ரில் வந்த அதே மகாலிங்கம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை எழும். நடிப்பே இரவல்தானே? அரசன் அல்லாதவன் அரசனாக வருவதை ஏற்கிறோம், பாடத் தெரியாதவன் பாடகனாக வந்தால் என்ன? ‘தில்லானா மோகனாம்பா’ளில் (1968) சிவாஜி நாகஸ்வரம் வாசிக்கும் காட்சிகளின் நடிப்புக்கு முன்னால் தேசிகரின் நடிப்பு எம்மாத்திரம்? உண்மை. நடிப்பு என்று எடுத்தால் ஒப்பீடே இல்லை. அந்த வாசிப்பு மதுரை சேதுராமன்–பொன்னுசாமி சகோதரர்களுடையது. அவர்கள் வாசித்தபோது முகம் என்ன செய்தது என்று கவனித்து, சிவாஜி அதைத் தன் முகத்தில் வாங்கிக்கொண்டார். பெரிய கலைதான்.

ஆனால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ராமேஸ்வரத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில் கோயிலிலிருந்து ஒலிபெருக்கியில் காலையில் நாகஸ்வரம் கேட்கும். இரண்டு வருஷம் கேட்டேன். ஒருநாள் பாங்கில் என் கவுண்டருக்கு வயதான ஒருவர் வந்தார். பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை தாம் உயிரோடிருப்பதைக் காட்டவேண்டும்; அதற்காக வந்திருந்தார். அவர் கீழுதட்டில் ஒரு தடிப்பு. என்ன என்று கேட்டேன். “சீவாளி பட்டுப் பட்டு ஆனது சார். இத்தனை வருஷமா கோயில்ல வாசிச்சேனே” என்றார். நான் கேட்டுக்கொண்டிருந்தது இவரைத்தான். ஒருநாள்கூட வாசிக்கிறவர் யார் என்று எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. நாகஸ்வரக்காரர் என்றதும் என் மனசில் ஒரு முகம் தயாராக இருந்தது. அது சிவாஜியின் முகம். ஓர் உயிருள்ள மனிதரைப் பார்க்கவேண்டிய அவசியத்தையே அந்த உயர்ந்த நடிப்பு எனக்கு இல்லாமல் செய்திருந்தது.

ஆகவே ஆட்சேபணைக்கு என் பதில் இது. ஒருவர் ஆட இன்னொருவர் பாடுவது நமக்குப் புதிதல்ல. சதிரில் நட்டுவனாரும் பாடுகிறவர்களும் ஆடுகிறவளுக்குப் பின்னால் நின்றார்கள். தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் உண்டு. பின்னால்தான் நின்றார்கள், ஆனால் தெரியும்படி நின்றார்கள். வேலையைப் பங்கு போட்டுக்கொள்வது ஒன்று, வேலை செய்கிறவனை மறைப்பது வேறு. சினிமா பின்னணி என்ற சொல்லை எடுத்துக்கொண்டு, மறைப்பது என்று அதற்குப் பொருள் செய்துவிட்டது. ‘சிந்து பைரவி’ (1985) கர்நாடக சங்கீதக்காரன் ஒருவனைப் பற்றியே எடுத்த படம். சிவகுமாரின் முகம், ஜேசுதாஸின் குரல். சங்கீதத்தைப் பற்றிய படத்திலும் சங்கீதக்காரன் தேவைப்படவில்லை என்பதை நாம் ஒரு குறையாகக்கூட உணரவில்லை.

விதிவிலக்குகள் உண்டு. ராமநாதபுரம் சி.எஸ். சங்கரசிவத்தின் சிஷ்யரான மதுரை டி.என். சேஷகோபாலன் ‘தோடி ராகம்’ (1983) படத்தில் கதாநாயகனாக வந்தார். தயாரித்தவர் குன்னக்குடி வைத்தியநாதன். இருவரும் எங்கள் மண்ணோடு சம்பந்தப்பட்டவர்கள் என்ற பிரியத்தோடு பார்த்தும் படமாக அது தேறவில்லை. ராஜீவ் மேனனின் ‘சர்வம் தாள மயம்’ (2019) படத்துக்காக இசையமைப்பாளர் ஜி.வி. பிரகாஷ்குமார் உமையாள்புரம் சிவராமனிடம் மிருதங்கம் பயின்றார். மிருதங்கம் செய்கிறவரின் மகன் அதை வாசிக்க ஆசைப்படும் கதை அது. எழுபத்தேழு வருஷம் கழித்து நந்தனின் கேள்வி, இன்னும் கொஞ்சம் உரக்க.

1940ல் டங்கன் ‘காளமேகம்’ என்று ஒரு படம் எடுத்தார். காளமேகமாக நடித்தவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. நாகஸ்வரக்காரனுக்கு உரிய மரியாதைக்காக வாழ்நாள் முழுதும் சண்டை போட்ட மனிதர். அந்தப் படம் இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. நல்ல படமாக இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. அவருடைய தோடி இசைத்தட்டில் இருக்கிறது, இன்றைக்கும் கேட்கலாம். அவர் எப்படி நின்றார், எப்படித் திரும்பினார், பேசும்போது அந்த உதடு எப்படி இருந்தது என்பதற்கு ஒரு மோசமான படம் போதுமாயிருந்தது.